டிக்ளேர் பண்ணத் தெரியாத ஆட்டம்

2024-ல் மூன்று பெரிய படங்களுக்குத் தியேட்டருக்கு வந்த பிறகு கத்தரி போட்டார்கள். ‘இந்தியன் 2’-க்கு 12 நிமிடம், ‘கங்குவா’வுக்கும் 12, ‘மெய்யழகன்’-க்கு ஏறக்குறைய 18. டாஸ் போட்டு ஆட ஆரம்பித்த பிறகு பிட்ச்சை உருட்டுகிற வேலை இது. முதல் நாள் முண்டியடித்து டிக்கெட் எடுத்தவர் பார்த்தது ஒரு படம், அடுத்த வாரம் பிள்ளைகுட்டியோடு போனவர் பார்த்தது வேறொன்று.

வருடத்தின் படுமோசமான ஆட்டம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், ‘இந்தியன் 2’. 1996-ல் வந்த முதல் ‘இந்தியன்’ சேனாபதிக்கு ஒரு வீடு இருந்தது. லஞ்சம் கொடுக்க மறுத்ததால் மகள் கஸ்தூரி தீக்காயத்தோடு துடித்துச் செத்தாள். பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்கு மகன் சர்ட்டிபிகேட் கொடுத்தான், பள்ளிப் பிள்ளைகள் செத்தார்கள். அப்பா கத்தியை எடுத்தபோது நமக்கு மூச்சு நின்றது. இந்த முறை அவர் குத்துகிற யாரையும் நமக்கு முன்பின் தெரியாது. யாரோ ஒரு பணக்காரர், வர்மம் பட்டதும் குதிரை மாதிரி ஓடுகிறார். பக்கத்து சீட்டில் சிரித்தார்கள். எடுத்தது அதிகமாகி மூன்றாம் பாகத்துக்கும் மிச்சம் வைத்தார்கள். பேட்டிங் தெரியாதவன் 120 ஓவர் நின்றாலென்ன, 108 ஓவர் நின்றாலென்ன? அந்த 12 நிமிடத்தால் ஒன்றும் ஆகவில்லை.

‘கங்குவா’ பற்றி அதிகம் பேச வேண்டாம். காது இன்னும் வலிக்கிறது. முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை, சத்தமும் அதிகம் என்று ஜோதிகாவே ஒப்புக்கொண்டு எழுதினார். மற்றபடி கணவர் படத்துக்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்ற பதிவு அது. வீட்டு அம்பயரே விரலைத் தூக்கிய பிறகு ரிவியூ கேட்பதில் அர்த்தமில்லை.

என் வருத்தமெல்லாம் ‘மெய்யழகன்’ மேல்தான். வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன அருள்மொழி, தங்கை முறையுள்ள புவனாவின் கல்யாணத்துக்காகப் பல வருஷம் கழித்து ஊருக்கு வருகிறான். மேடையில் அவன் கொடுத்த பொட்டலத்தை அங்கேயே பிரித்து, கொண்டுவந்த நகைகளை அப்போதே போட்டுக்கொள்கிறாள் அவள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். வசனம் அதிகமில்லை, அரவிந்த்சாமியின் முகம் மட்டும். அந்தக் காட்சிக்கு அவசரமே கிடையாது. படம் முழுக்கவும் அப்படித்தான், ஒரு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிற இரண்டு பேரின் கதை. பெயர்கூட ஞாபகம் வராத சொந்தக்காரன் ஒருவன் விடாமல் பேசுகிறான், இவன் முதலில் நெளிகிறான், பிறகு இளகுகிறான். அந்த நெளிவு நமக்கும் வர வேண்டும் என்றுதான் இயக்குநர் பிரேம்குமார் நீட்டியிருக்கிறார். டெஸ்ட் மேட்ச் ஆடுகிறவரிடம் போய் ஸ்ட்ரைக் ரேட் என்ன என்று கேட்டிருக்கிறோம். வெட்டிய பிறகு இரண்டாம் முறை பார்த்தேன். நேரம் மிச்சமானது, ராத்திரிதான் சீக்கிரம் விடிந்துவிட்டது.

இது விளையாட்டுப் பக்கம் என்பதால் கிரிக்கெட் கணக்கையும் பார்த்துவிடலாம். ‘கோட்’ க்ளைமாக்ஸில் சேப்பாக்கமும் தோனியும் வந்தார்கள். அது விசில் அடிக்க வைத்த விருந்து, அதோடு சரி. ‘லால் சலாம்’ படத்தில் ரஜினி உண்டு, கபில்தேவ் உண்டு, ரஹ்மான் உண்டு. எடுத்த காட்சிகளில் ஒரு பகுதி தொலைந்துபோனதாக இயக்குநர் ஐஸ்வர்யா பிறகு சொன்னார். தொலையாத பகுதியிலும் ஆட்டத்தைக் காணோம் என்பதுதான் என் குறை. மைதானம் கலவரத்துக்கு ஒரு காரணமாக மட்டும் நிற்கிறது.

செப்டம்பரில் வந்த ‘லப்பர் பந்து’வில் பெரிய பெயர் ஒன்றுமில்லை, தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படம். ஆனால் ஆட்டத்தை உள்ளே நின்று பார்த்தவர் எடுத்த படம். விஜயகாந்த் பாட்டு ஒலிக்க, கெத்து என்கிற ஆட்டக்காரர் மட்டையோடு இறங்குகிறார். ஊர் முழுக்க அவருக்குக் கைதட்டுகிறது, அவர் ஆட்டத்தில் ஓட்டை எங்கே என்று அன்பு என்கிற இளைஞனுக்கு மட்டும் தெரியும். தெரிந்தவன் காதலிப்பதோ அவர் மகளை! அதற்குப் பிறகு விழுகிற ஒவ்வொரு பந்திலும் மாமனார், மருமகன், சாதி, தன்மானம் நான்கும் சேர்ந்து சுழல்கின்றன. சாதி பார்த்து ஆளைச் சேர்க்கும் டீமில் இடம் கிடைக்காதவனின் கோபம் பிரசங்கமாகாமல் ஸ்கோர்போர்டிலேயே தெரிகிறது. கெத்துவாக வரும் அட்டகத்தி தினேஷுக்குத்தான் என் ஓட்டு, மேன் ஆஃப் தி சீரிஸ்.

‘மகாராஜா’வை அதற்கு ஒரு இஞ்ச் கீழே வைப்பேன். குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிற முடிதிருத்துபவர், அறை வாங்கிக்கொண்டும் அசையாமல் நிற்கிறார். இரண்டு காலத்தைக் கலைத்து அடுக்கிய கத்தரி எழுத்து மேஜையிலேயே போட்டது. சிங்கம்புலியை அந்த வேடத்தில் போடத் துணிந்தார் பாருங்கள், இயக்குநர் நித்திலன் கில்லாடி.

‘கொட்டுக்காளி’ ஒன்றே முக்கால் மணி நேரம்கூட ஓடாத படம். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், சேவல் சத்தம், சூரியின் கட்டிப்போன தொண்டை. சாமியாடியின் இடத்துக்கு வந்து சேர்ந்து, அடுத்து சூரிதான் முடிவெடுக்க வேண்டும் என்கிற இடத்தில் திரை இருண்டது. “அவ்வளவுதானா?” என்று என் பக்கத்தில் இருந்தவர் சத்தமாகவே கேட்டார். லைட் போட்டுவிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.