பச்சை பெல்ட்டுக்குள் ஒரு பிரெஞ்சுக் கத்தி

மதுரைப் பக்கத்து ஆள் "என்கிட்ட கத்தி இருக்கு" என்று சொன்னால், எதிரே நிற்பவர் அரையடி பின்னால் போவார். எங்கள் ஜாதகம் அப்படி. திருப்பாச்சேத்திப் பட்டறைகளில் தேங்காய் வெட்டவும் கருவேல முள் கழிக்கவும் அடித்துக் கொடுத்த அரிவாளை, ஆள் வெட்டத்தான் என்று சினிமாக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். 2005 பொங்கலுக்கு 'திருப்பாச்சி' படமும் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். உத்தரப் பிரதேசத்து ராம்பூருக்கும் இதே கதிதான். இந்திப் பட வில்லன் கையில் 'டக்'கென்று விரிந்த மடக்குக் கத்தியால் ஊர்ப்பேரே கெட்டது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். 2023-ல் 20 அடி நீளத்தில் ஒரு ராம்பூரிக் கத்தியைச் செய்து நாற்சந்தியில் நிறுத்திவிட்டார்கள். வாங்கிய கெட்ட பேரையே அடையாளமாக்கிக்கொண்ட அந்தத் துணிச்சலை நான் ரசிக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன்: திருமங்கலத்தில் உரக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நான் தினமும் கத்தியோடுதான் இருக்கிறேன். மடக்குக் கத்தி. தோலுறைக்குள். இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. இனி நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தியைக் கொடுத்தது புதுச்சேரி மாமா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று, பென்ஷன் வாங்கும் 'சொல்தா' அவர். "இந்தா மாப்ள. பழம் வெட்டு, ரொட்டி வெட்டு. வேற எதையும் வெட்டிராத" என்று சொல்லித்தான் கையில் வைத்தார். ஒப்பினெல் நம்பர் 8. பீச் மரத்துப் பிடி, அதில் ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்குள் மடங்கிப் படுக்கும் ஒற்றை அலகு. அலகின் நீளம் எட்டரை சென்டிமீட்டர். அதில் ஆசீர்வதிக்கும் ஒரு கையும் கிரீடமும் முத்திரையாக இருக்கும். அவ்வளவுதான் கத்தி. திருகு வெட்டி, நகவெட்டி, பல்குத்தி என்று எதுவும் கிடையாது. கையில் எடுத்தால் ஐம்பது கிராம்கூட வராது. முதல்முறை தூக்கிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் "பொம்மைக் கத்தியா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு கொய்யாவை அதில் அரிந்து கொடுத்தால் அந்தக் கேள்வி திரும்ப வராது.

பிரான்ஸின் சவோய் மலைநாட்டில், கருவி அடிக்கும் கொல்லர் வீட்டுப் பிள்ளை ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்த கத்தி இது. ஆடு மாடு மேய்க்கிறவர்கள், திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரர்கள் பைக்குள் போட்டுக்கொள்ளத்தான் செய்தார். 1955-ல் கழுத்தில் ஒரு இரும்பு வளையம் சேர்த்தார்கள். அலகை விரித்து வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், விரல்மேல் மடங்காது. 2000-லிருந்து மூடிய நிலையிலும் பூட்டலாம். ஒன்றே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் வேறு பெரிய மாற்றமில்லை. மாற்ற எதுவும் இல்லை என்பது என் கட்சி.

இரும்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். இது துருப்பிடிக்காத எஃகு இல்லை, கார்பன் எஃகு. அதனால்தான் அந்தக் கூர்மை. வாங்கியபோது பளபளவென்று இருந்த அலகு, ஒரு மாம்பழப் பருவம் முடிவதற்குள் நீலமும் சாம்பலும் கலந்து மயில்கழுத்து நிறத்துக்கு வந்துவிட்டது. எலுமிச்சை ஒரு இடத்தில் மேகம் போட்டிருக்கிறது. வாழைக்காய் அரிந்த நாளில் விழுந்த கறுப்பு இன்னும் நுனியில் நிற்கிறது. துவர்ப்புச் சாறு இரும்பில் பட்டால் கறுக்கும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதே சூத்திரத்தில்தான். இந்தக் கறை ஏறிய அலகில் செந்துரு சீக்கிரம் பிடிக்காது. தேய்த்து வெள்ளையாக்கித் தரட்டுமா என்று யாராவது அக்கறையாகக் கேட்டால் நான் கத்தியை உள்ளே வைத்துவிடுவேன்.

சரி, உறைக்கு வருகிறேன். இந்தக் கத்தியில் கிளிப் கிடையாது. சும்மா பைக்குள் போட்டால் சாவிக்கொத்தோடு உரசும், வியர்வை குடிக்கும், சில்லறை எடுக்கும்போதெல்லாம் தரையில் விழும். நமக்கோ வேட்டி. வேட்டியில் பை ஏது? இடுப்பில் பச்சை பெல்ட்தான் பீரோ. எங்கள் பக்கத்து மாட்டு வியாபாரி, கமிஷன் மண்டிக்காரர், லாரி டிரைவர் எல்லோரும் கட்டுகிற, அறை அறையாகப் பை வைத்த அதே அகலப் பச்சை பெல்ட். அதில் ஓர் அறைக்குள் சரியாக உட்கார வேண்டும், எடுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், தானாக விழக் கூடாது. இதுதான் நான் கேட்டது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடையும் செருப்பும் தைக்கிற அண்ணனிடம் கத்தியைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூடின மேனிக்கே வைக்கப் போறீகளா, விரிச்ச மேனிக்கா?" முதல் கேள்வியிலேயே ஆள் கைதேர்ந்தவர் என்று தெரிந்துவிட்டது. குரோம் போட்டுப் பதனிட்ட தோல் வேண்டாம், மரப்பட்டைத் தோல் இருக்கிறதா என்றேன். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய வித்தை. ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் என்று கப்பலேறிப் பேர் வாங்கி, இப்போது புவிசார் குறியீடும் வைத்திருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து வந்த துண்டு ஒன்று அவர் பெட்டியின் அடியில் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன், மழை பெய்த மறுநாள் தோப்பு வாசனை.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், நீங்கள் உங்கள் ஊர் அண்ணனிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். தோலைத் தண்ணீரில் ஊறவைத்தார். கத்தியைப் பாலிதீன் தாளில் இறுக்கிச் சுற்றினார். தோலை மடித்து, கத்தியை நடுவில் வைத்து, கட்டைவிரலால் பிடியின் வளைவு முழுக்க அழுத்தி அழுத்தி உருவம் எடுத்தார். நிழலில் காயவிட்டார். வெயிலில் வைத்தால் விறைத்து வெடித்துவிடுமாம். காய்ந்த பிறகு ஓரத்தில் குத்தூசியால் துளைபோட்டு, மெழுகு தேய்த்த நூலை இரண்டு ஊசியில் கோத்து, ஒரே துளைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று தைத்தார். இப்படித் தைத்தால் நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பிரியாது. கடைசியாக வாய்ப்பகுதியில் ஒரு பிறைநிலா வெட்டினார். கட்டைவிரல் அதில் பதிந்து கத்தியைத் தள்ள வேண்டியது, கத்தி மேலே வர வேண்டியது. மூடி இல்லை, பொத்தான் இல்லை. தலைகீழாக உதறினாலும் விழாது. அந்த நேர்த்திக்கு அவர் கேட்ட காசைச் சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். நான் கூடத்தான் கொடுத்தேன்.

அந்த உறை வந்த நாளிலிருந்து யாரும் பின்னால் நகர்வதில்லை! பெல்ட்டிலிருந்து தோல் கூட்டை எடுக்கும்போது பர்ஸ் என்று நினைப்பார்கள், அல்லது மூக்குக்கண்ணாடிக் கூடு. பிறைநிலாவில் விரலை வைத்துத் தள்ளி, நகத்தால் அலகை விரித்து, வளையத்தைத் திருப்புவதற்குள் பார்ப்பவர் மனசு இது பழம் வெட்டுகிற சமாச்சாரம் என்று தானாகப் புரிந்துகொள்கிறது. ராம்பூரியின் பயமே அது ஒரு நொடியில் விரிவதில்தான் இருந்தது. என் கத்தியை விரிக்க இரண்டு கையும் பொறுமையும் வேண்டும். கடைக்கு எதிரே பூ விற்கிற அம்மாவுக்கு வாழைநாரில் கட்டிய மல்லிகைச் சரத்தை நசுங்காமல் நறுக்க இதுதான் வேண்டும். "தம்பி, அந்தப் பர்ஸைக் கொஞ்சம் குடு" என்பார். கத்தி என்று அவர் வாயில் இன்றுவரை வந்ததே இல்லை.

உரக்கடைக்காரனுக்கு இது செய்கிற உபகாரம் கொஞ்சநஞ்சமில்லை. சாக்கு வாய்த் தையலைப் பாருங்கள், அது சங்கிலித் தையல். ஏதோ ஓர் ஓரத்தில் அறுத்து இழுத்தால் பிரியாது. சரியான ஓரத்தில், கடைசி முடிச்சுக்கு அடுத்த கண்ணியில் நுனியை நுழைத்து ஒரு சுண்டு. பிறகு நூலைப் பிடித்து இழுத்தால் சர்ர்ரென்று முழுச் சாக்கும் வாயைத் திறக்கும். பிளேடால் சாக்கையே கிழித்துக் குருணையைக் கொட்டுகிற பையன்களுக்கு இதைக் காட்டினேன். இப்போது யார் திறப்பது என்று போட்டி.

அதைவிடப் பெரிய வேலை பருத்திக் காலத்தில். கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கக் கரிசல் காட்டுச் சம்சாரிகள் காயைப் பறித்துக்கொண்டு வந்து "வெளியே ஒண்ணும் தெரியலை, காய் மட்டும் வெடிக்க மாட்டேங்குது" என்பார்கள். கல்லா மேசையில் தாள் விரித்து, பச்சைக் காயை அறை அறையாகப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புக் காய்ப்புழு சொகுசாகப் படுத்திருக்கும். வாடிய செடியென்றால் தண்டைச் சாய்வாகச் சீவுவேன். உள்ளே பழுப்பு வளையம் ஓடினால் வாடல் நோய், மருந்தை மாற்றி மாற்றி அடித்துக் காசைக் கரியாக்காதீர்கள் என்று சொல்லிவிடலாம். மொண்ணைக் கத்தியில் சீவினால் தண்டு நசுங்கி எல்லாமே பழுப்பாகத் தெரியும். கூர்மை இங்கே சோதனைச்சாலை வேலை செய்கிறது. ஒரு கத்தி வியாபாரத்தைக் கெடுக்கும் என்றால் இதுதான், பாதி நேரம் மருந்து வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள் உரிமம் கேட்கிற கத்திகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவை. வீட்டு வேலை, விவசாயம், ஆராய்ச்சி, தொழில் இவற்றுக்கென்று செய்தவற்றை அதிலும் விலக்கியிருக்கிறார்கள். என்னுடையது மூன்றரை அங்குலம்கூட இல்லை. அதற்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எங்கும் போகலாம் என்று அர்த்தமில்லை. 2021 செப்டம்பரில் தென்மாவட்டக் கொலைகளுக்குப் பிறகு, அரிவாள் வாங்குகிறவர்களின் பேர், முகவரியை எழுதி வைக்கும்படி பட்டறைகளுக்குக் காவல்துறை சொன்னது. நாம் வாழ்கிற ஊரின் பதற்றம் அது, மதிக்கத்தான் வேண்டும். மீனாட்சியம்மன் கோயில், கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், விமான நிலையம், சித்திரைத் திருவிழாக் கூட்டம், அலங்காநல்லூர் வாடிவாசல், கட்சிக் கூட்டம், பஞ்சாயத்து நடக்கிற வீடு: இங்கெல்லாம் கத்தி கல்லாப்பெட்டியில் தூங்கும். விமானத்தில் போனால் ஒப்படைக்கிற பெட்டிக்குள். வாய்த்தகராறு நடக்கிற இடத்தில் பழம் அரிகிறேன் என்றுகூட எடுக்கக் கூடாது. வயலும் கடையும் வீடும் போதும் இதற்கு.

குறையே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பீச் மரம் ஈரம் குடித்துப் பருத்து, அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகம் ஒடிந்தாலும் விரியாது. மாமா இதற்கு சவோய்க்காரர்களின் தந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தார். பூட்டு வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் பின்புறத்தை மேசை விளிம்பில் 'டொக்'கென்று ஒரு தட்டு. அலகு நுனி தானே எட்டிப்பார்க்கும். திருமங்கலத்தில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ச்சல்தான் என்பதால் இந்தத் தட்டுக்கே எப்போதாவதுதான் வேலை.

பராமரிப்பு சொற்பம். வேலை முடிந்ததும் துடைக்க வேண்டும். ஈரக் கத்தியைத் தோலுக்குள் விட்டால் பட்டைத் தோலின் துவர்ப்பும் ஈரமும் சேர்ந்து இரும்பைத் தின்றுவிடும். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் உறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், தோலுக்குத் தேன்மெழுகு. சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பொறி பறக்கிற சக்கரத்தில் மெல்லிய அலகு சூடேறிப் பதம் போய்விடும். பீங்கான் கப்பைக் கவிழ்த்தால் அடியில் பூச்சில்லாத சொரசொர வளையம் தெரியும், அதில் நாலு இழுப்பு போதும். பிறகு உறையின் முதுகிலேயே, கூர்விளிம்பு பின்னால் வரும்படி தீட்டிக்கொள்கிறேன். சலூனில் சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டுவார்களே, அந்த வேலைதான்.

ஆயுதபூஜைக்குத் தராசு, கல்லாப்பெட்டி, பைக் வரிசையில் கத்தியும் உட்காரும். அலகில் ஈரச் சந்தனம் வைத்தால் மறுநாள் துரு, அதனால் மரப்பிடியில்தான் பொட்டு. உறையை மட்டும் அம்மா வாசலோடு நிறுத்திவிடுவார்: "தோல் சாமான் சாமி படத்துக்கு முன்னால எதுக்கு?"

அதே அம்மாதான் இன்னொரு விஷயத்தில் உறையின் பக்கம். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தோலுறை வந்த பிறகு அவரே தீர்ப்பைத் திருத்தினார்: "உறையோட குடுத்தா அது சாமான்தான்டா, கத்தி இல்ல." விளைவு, வெள்ளரிக்காய்க்கு மனைவி வாங்குகிறார், பாக்கு சீவ அம்மா வாங்குகிறார், பென்சில் சீவ மகள் வாங்குகிறாள். மகள் வாங்கினால் திரும்பி வருவதில்லை. மாமாவிடம் நம்பர் 6 ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வளையப் பூட்டு உள்ளதில் அதுதான் ஆகச் சின்னது. பஸ் ஸ்டாண்டு அண்ணன் அதற்கென்று அதே திண்டுக்கல் தோலில் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறார்.