ஏற்பும் எதிர்ப்பும்: எத்தி ஹில்லேசுமின் நாட்குறிப்பு

நெதர்லாந்து நாட்டு யூதப் பெண் எத்தி ஹில்லேசும் 1941-இல் தொடங்கி எழுதிய நாட்குறிப்பு, அவர் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டு 38 ஆண்டுகள் கழிந்து, 1981-இல் நூலாயிற்று. நாஜிகளையும் வெறுக்க மறுத்து, உள்ளத்தில் உறையும் இறைவனைக் காப்பதே தம் கடமையெனக் கொண்டவர் அவர். நண்பர்கள் ஒளிவிடம் தர முன்வந்தும் இணங்கவில்லை.

இதனைக் கோழைத்தனமான பணிவு என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வெஸ்டர்போர்க் முகாமுக்குத் தாமே கேட்டுச் சென்று, இரயிலேற்றப்படவிருந்தோருக்குப் பணிவிடை செய்தவரைச் செயலற்றவர் என்பது எங்ஙனம்? அங்கிருந்து அவர் வரைந்த இரு மடல்களை 1943-இல் மறைவாக அச்சிட்டுப் பரப்பியவர்கள் எதிர்ப்பு இயக்கத்தினரே! ஏற்பு அவர் கண்களை மூடிவிடவில்லை. கண்டதை அஞ்சாது எழுதவே செய்தது.

ஆயினும் நூலில் ஒரு நெருடல் உண்டு. தம் மக்கள் அனைவருக்கும் வந்த முடிவில் தாமும் பங்குகொள்ள அவர் துணிந்தது மேன்மை. ஆனால் யூதக் குழந்தைகளைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்த குடும்பங்களின் எதிர்ப்பும் இறையன்பே அன்றோ? அதற்கு நாட்குறிப்பில் போதிய இடமில்லை.

வாசிக்கையில் நம் நினைவு வேறெங்கோ சென்றது. அடித்துத் துன்புறுத்தும் கணவனைப் பற்றி அழுதுவந்த ஒரு பெண்ணிடம், 'பொறுத்துக்கொள் மகளே, இறைவன் சித்தம்' என்று நாம் முன்பொருகால் சொல்லியனுப்பியதுண்டு. எத்தி தம் சிலுவையைத் தாமே தெரிந்துகொண்டார். அந்தப் பெண்ணை நாம் ஒன்றுமே கேட்கவில்லை.