மெகாபைட் குறைந்தது, வட்டம் என்ன ஆயிற்று?

வரைபடக் கோப்பு பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்புங்கள் என்று எதிர்முனையிலிருந்து சொன்னதும் டிராஃப்டிங் மேசையில் மூன்று வழிகள் கைக்கு வருகின்றன: ஜிப் செய்வது, வேறு வடிவத்தில் சேமிப்பது, வரைபடத்துக்குள் புகுந்து வேண்டாததைக் களைவது. மூன்றாவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் பலரும் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது தவறு என்பதே என் வாதம். முதல் வழியால் பயன் குறைவு. இரண்டாவது வழியோ வரைபடத்தையே கெடுத்துவிடக்கூடியது.

ஜிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1982-இல் ஆட்டோகேடின் முதல் பதிப்போடு வந்த டிஎக்ஸ்எஃப், அடிப்படையில் ஒரு எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து பாருங்கள்: ஒரு வரியில் குறியீட்டு எண், அடுத்த வரியில் அதன் மதிப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு நேர்கோட்டுக்கு 8-க்குக் கீழே லேயர் பெயர். 10, 20, 30-க்குக் கீழே தொடக்கப் புள்ளி. 11, 21, 31-க்குக் கீழே முடிவுப் புள்ளி. அதே எண்களும் பெயர்களும் திரும்பத் திரும்ப வருவதால் ஜிப் இதை நன்றாக அமுக்கிவிடும். ஆனால் ஆட்டோகேடின் சொந்தக் கோப்பு வடிவமான டிடபிள்யுஜி 2004 பதிப்பிலிருந்தே உள்ளுக்குள் சுருக்கப்பட்டுத்தான் சேமிக்கப்படுகிறது. அதை மறுபடி அமுக்கினால் குறைவது சொற்பம். ஜிமெயிலின் 25 எம்பி வரம்பைத் தாண்ட ஜிப் கைகொடுக்கலாம். ஆனால் விரித்ததும் பழைய எடை திரும்பிவிடும். பெறுபவரின் ஸ்கெட்ச்அப் அத்தனை கோடுகளோடும்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

இரண்டாவது வழியைத்தான் கவனமாக எடைபோட வேண்டும். எல்லா மென்பொருளும் படிக்கட்டும், கோப்பும் இலேசாகட்டும் என்று நினைத்து டிஎக்ஸ்எஃபை ஆர்12 பதிப்பில் சேமிக்கிறார்கள். அது 1992-இன் வடிவம். அதில் ஸ்ப்லைனும் இல்லை, நீள்வட்டமும் இல்லை. இரண்டும் துண்டு துண்டான பாலிலைன்களாக மாறிவிடும். இலேசான பாலிலைன் 1997-இல் ஆர்14-உடன்தான் வந்தது. ஆர்12-இல் பாலிலைனின் ஒவ்வொரு முனையும் தன் லேயர் பெயரைத் தானே சுமக்கும் தனி உருப்படி. வளைவுகள் மிகுந்த வரைபடத்தை இப்படிச் சேமித்தால் கோப்பு சுருங்காது, பருத்துவிடும்.

எடையை விடத் துல்லியத்துக்கு வரும் சேதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்தை டிஎக்ஸ்எஃப் சொல்ல மையமும் ஆரமும் போதும், நான்கு எண்கள். அதையே 64 நேர்கோடுகளாக உடைத்தால் 384 எண்கள். அப்போதும் ஒவ்வொரு துண்டின் நடுவும் உண்மையான வட்டத்திலிருந்து 0.06 மி.மீ. உள்ளே விலகி நிற்கும். அந்த விட்டத்துக்கு எச்7 பொருத்தம் அனுமதிப்பது மொத்தமே 0.035 மி.மீ. வயர் கட் இயந்திரம் எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் கோப்பில் இல்லாத வட்டத்தை எங்கிருந்து கொண்டுவரும்?

தசம இடங்களைக் குறைப்பதும் இதே வகைதான். டிஎக்ஸ்எஃப் சேமிக்கும்போது 0 முதல் 16 வரை தசம இடங்களைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டு போதுமே என்று தோன்றும். வில்லின் கோணமும் அந்த இரண்டு இடங்களுக்குள்தான் வட்டமாக்கப்படும். ஆரம் 1000 மி.மீ. என்றால் வில்லின் முனை 0.09 மி.மீ. வரை நகர்ந்துவிடும். பக்கத்துக் கோடு அதைத் தொடாது. லேசர் பட்டறையின் மென்பொருள் 'திறந்த கான்டூர்' என்று நின்றுவிடும். சில கிலோபைட் மிச்சம் பிடித்ததற்கு ஒருவர் உட்கார்ந்து முனைகளை ஒவ்வொன்றாக ஒட்டவைக்க வேண்டியிருக்கும். இதில் பைனரி டிஎக்ஸ்எஃப் மட்டும் விதிவிலக்கு: சுமார் 25 சதவீதம் சிறியது, ஐந்து மடங்கு வேகமாகப் படிக்கலாம் என்பது ஆட்டோடெஸ்க் ஆவணத்தின் கணக்கு. துல்லியமும் குறையாது. பெறும் மென்பொருள் அதைப் படிக்குமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முப்பரிமாணத்திலும் கதை இதேதான். பைனரி எஸ்டிஎல் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் 50 பைட் கேட்கும்; முக்கோணத்தைக் குறைத்தால் வளைவு போகும். ஸ்டெப் கோப்பு உருளையை உருளையாகவே வைத்திருக்கும்.

மூன்றாவது வழிக்கு வருவோம். பெரும்பாலான கோப்புகளின் எடை வரைபடத்தில் இல்லை, அதில் ஒட்டிக்கொண்டு வந்ததில் இருக்கிறது. யாரோ ஒருவருடைய வரைபடத்திலிருந்து ஒட்டிய ஒரு கதவு பிளாக், கூடவே நூறு லேயரையும் டிஜிஎன் கோட்டு வகைகளையும் இழுத்துவரும். திரையில் பத்துக் கோடு, கோப்பு பல மெகாபைட் என்று நிற்பது இதனால்தான். பர்ஜ் கொடுக்கலாம்; கட்டளை வரியில் -பர்ஜ் தட்டி ரெகேப்ஸை, அதாவது பதிவான செயலிப் பெயர்களை, தனியே களையலாம்; ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை ஓவர்கில் நீக்கும். ஸ்ட்ரக்சுரல் என்ஜினியருக்குச் சோபாவும் தரை ஓட்டு ஹேட்சும் எதற்கு? அவருக்கு வேண்டிய கிரிட், சுவர், தூண்களை மட்டும் டபிள்யுபிளாக் செய்து அனுப்பினால் போதும்.

இதற்கு நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. எது வேண்டாதது என்று அனுப்புபவரே முடிவுசெய்தால், பெறுபவருக்குத் தேவையானதும் போய்விடலாம். ஒப்பந்தத்தோடு சேர்ந்த வரைபடத்தில் அது விளையாட்டல்ல. அதனால்தான் களையெடுப்பு எப்போதும் நகலில்தான் நடக்க வேண்டும். மூலக் கோப்பு தொடப்படாமல் இருக்க வேண்டும். நீக்கியவை என்னென்ன என்று மின்னஞ்சலில் இரண்டு வரி எழுத வேண்டும். இந்த நிபந்தனைகளோடு பார்த்தால் மூன்று வழிகளில் இது ஒன்றுதான் எடையையும் குறைத்து வரைபடத்தையும் காப்பாற்றுகிறது.

ஆகவே, டிடபிள்யுஜி படிக்கும் மென்பொருளுக்குக் களையெடுத்த டிடபிள்யுஜி, இயந்திரத்துக்கு வில்லும் வட்டமும் உடையாத டிஎக்ஸ்எஃப், ஆர்12 வேறு வழியே இல்லாதபோது மட்டும். அனுப்பும் முன் கோப்பைத் திரும்பத் திறந்து ஒரு வட்டத்தைத் தொட்டு லிஸ்ட் கொடுத்துப் பாருங்கள். பாலிலைன் என்று வந்தால் அந்தக் கோப்பை அனுப்பாதீர்கள்.