கடமை யாருக்கு? - கிளிநொச்சியின் தொழிற்கல்வி பற்றி ஒரு நோக்கு

விமர்சனம் என்பது கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஒரு சமுதாயம் தன் மக்களைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை அதன் நாவல்கள் காட்டுவதைப் போலவே அதன் ஒழுங்குவிதிகளும் காட்டுகின்றன. சில வேளைகளிற் பின்னவையே தெளிவாகக் காட்டுகின்றன. நாவலாசிரியன் வாசகனின் தீர்ப்பை அஞ்சி எழுதுகிறான்; விதி வகுப்போனோ தன் எழுத்தை எவரும் விமர்சிக்கப் போவதில்லை என்ற துணிவோடு எழுதுகிறான். அத்துணிவைச் சற்றே கலைத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டின் தொழிற்கல்வி நிறுவனங்கள் புதிய மாணவர் கையில் ஒரு கைந்நூலைக் கொடுக்கின்றன. 'தூரநோக்கு', 'பணிக்கூற்று', 'மாணவரிடம் எதிர்பார்க்கப்படுவன' என்பன இவ்வகை ஏட்டின் மாறாத உறுப்புகள். எந்த ஒரு நிறுவனத்தையும் தனியே குற்றக்கூண்டில் ஏற்றுவது நம் கருத்தன்று. எல்லாவற்றுக்கும் பொதுவான நடை ஒன்று உண்டு, அந்நடையே நம் ஆராய்ச்சிப் பொருள். அதனை இலக்கண மாணவன் கண்கொண்டு பார்ப்போம். தூரநோக்கில் நிறுவனம் எழுவாய். 'திகழும்', 'உருவாக்கும்' என்பன பயனிலைகள். இளைஞர் வெறும் செயப்படுபொருள். ஒழுங்குவிதிகளுக்கு வந்ததும் எழுவாய் மாறிவிடுகிறது. இங்கே மாணவரே எழுவாய்; 'வேண்டும்', 'கூடாது' என்பனவே பயனிலைகள். நேரத்துக்கு வரவேண்டும்; சீருடை அணிய வேண்டும்; கருவிகளைப் பேணவேண்டும். ஏட்டின் முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை நிறுவனத்தின்மீது 'வேண்டும்' என்ற சொல் விழுவது அரிதினும் அரிது. 'எதிர்பார்க்கப்படுகிறது' என்ற செயப்பாட்டு வினையோ எதிர்பார்ப்பவர் யார் என்பதையே மறைத்துவிடுகிறது. அரசா? முதலாளியா? சமுதாயமா? கேட்கப்படும் கடனுக்குக் கடன்கொடுத்தவன் பெயர் இல்லை.

இந்த இலக்கணத்தின் சமுதாயப் பொருளை உணர அது வழங்கும் மண்ணை அறிதல் வேண்டும். கண்டி வீதியில், கிளிநொச்சி நகருக்குத் தெற்கே, முறிகண்டிக்குப் போகும் வழியில் இருக்கிறது அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் அங்கேதான் இயங்குகின்றன. அவற்றோடு இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் 2016ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்டது. ஜேர்மன் அரசின் நிதியுதவியால் எழுந்த அந்நிறுவனத்தில் மோட்டார் வாகனம், மின்னியல், கட்டட நிர்மாணம், உணவுத் தொழினுட்பம், தகவல் தொழினுட்பம் முதலிய துறைகளில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழுக்கான பயிற்சி நடைபெறுகிறது. 2009 ஜனவரியில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கியும் ஆளற்ற வீடுகளுமாய் இருந்த ஒரு நகரத்தின் ஓரத்தில் கடைசற் பொறி சுழல்கிறது என்றால் அது மகிழத்தக்க செய்தியே. இதனை முதலிற் சொல்லிவிடுவது நேர்மை.

ஏனெனில் தொழிற்கல்வியை இகழும் குரல் ஒன்று நம்மிடையே நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. அது முற்போக்கின் குரலன்று. கையால் உழைப்பவனைத் தாழ்ந்தவன் என்றும், எழுதுவினைஞன் நாற்காலியே கல்வியின் பேறு என்றும் கருதிய யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் குரல் அது. அதன் வேரில் சாதி இருக்கிறது. மரவேலையும் இரும்புவேலையும் கட்டடவேலையும் பிறப்பால் இன்னாருக்கு உரியவை என்று வகுத்த சமுதாயம், அத்தொழில்களைக் கல்வியாகக் கொள்ள எளிதில் உடன்படுமா? கடைசற் பொறி தன்முன் நிற்பவனின் குலத்தைக் கேட்பதில்லை. பரம்பரைத் தொழிலைப் பாடமாக்கி, எவரும் பயிலத்தக்கதாக்கி, அரச சான்றிதழும் வழங்கும்போது சாதியின் கட்டு ஓரிடத்திலேனும் தளர்கிறது. ஆகவே தொழிற்கல்வி வேண்டுமா என்பது நம் வினாவன்று. அது யாருடைய நிபந்தனைகளின் பேரில் நடைபெற வேண்டும் என்பதே வினா.

இவ்வினாவை நம் பெற்றோர் முன்னரே எழுப்பியிருக்கின்றனர். 1930களிற் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. பாடசாலையைக் கிராம வாழ்வோடும் உழைப்போடும் பிணைப்பது அதன் நோக்கம். நோக்கம் நன்றே. ஆனால் ஆங்கிலப் பாடசாலையிற் படித்தவனுக்கு உத்தியோகமும் கிராமப் பாடசாலையிற் படித்தவனுக்கு மண்வெட்டியும் என்ற ஏற்பாடு நாட்டில் நிலைத்திருக்கும்வரை, மண்வெட்டியின் மேன்மையைப் பற்றிய உபதேசத்தை ஏழைத் தகப்பன் நம்புவானா? 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில்முன் பாடங்களைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தபோதும் இதே ஐயம் எழுந்தது. 1977இன் ஆட்சிமாற்றத்தோடு அச்சீர்திருத்தமும் மறைந்தது. பெற்றோர் மடமையால் ஐயுற்றார்கள் என்பது அதிகாரிகளின் தீர்ப்பு. இரு வாயில்கள் வைத்த வீட்டில் தம் பிள்ளைக்குக் காட்டப்படும் வாயில் எது என்று அறிய முயன்ற அறிவை மடமை என்பது தகாது.

இரண்டாம் வாயிலின் தன்மையை நேர்மையாக ஆராய்ந்தோர் அதன் தாயகத்திலேயே உண்டு. சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு அமெரிக்காவில் 1901ஆம் ஆண்டில் ஜோலியற் நகரில் தொடங்கிய இளநிலைக் கல்லூரியிலிருந்து வளர்ந்தது. 1947இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த ஆணைக்குழு அதனை நாடெங்கும் பரப்பப் பரிந்துரைத்தது. 1960இல் பேர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் அக்கல்லூரிகளின் மறைபணி ஒன்றை வெளிப்படுத்தினார். பல்கலைக்கழகக் கனவோடு வரும் எளிய மாணவனைத் தேர்வுகளாலும் ஆலோசனைகளாலும் மெல்ல மெல்லத் தணித்து, அவன் கனவைச் சிறிதாக்கி, அச்சிறுமை தன் திறனின் அளவே என்று அவனையே ஏற்கச் செய்வதுதான் அப்பணி. கதவை அடைத்தவன் கை கண்ணுக்குத் தெரியாது. அடைபட்டவன் தன்னையே நொந்துகொள்வான். நம் கைந்நூல்களின் செயப்பாட்டு வினைக்கும் இதற்கும் உறவில்லை என்று சொல்லமுடியுமா?

கிளிநொச்சி மாணவனை இங்கே நினைத்துப் பார்ப்போம். போர் முடிந்தபோது பாலகராயிருந்த தலைமுறை இன்று இந்நிறுவனங்களின் வாயிலில் நிற்கிறது. முட்கம்பி வேலிக்குள் முகாமில் நடை பயின்றவர்கள் அவர்களுள் உண்டு. இரணைமடுவின் கீழ் வயலுடைய கமக்காரரின் பிள்ளைகளும் உண்டு. 1958இலும் 1977இலும் இனவன்முறைக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, தருமபுரம் போன்ற குடியிருப்புகளிற் கூலியுழைப்பால் வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகளும் உண்டு. இவர்கள் அனைவர்க்கும் விதி ஒன்றே. நூற்றுக்கு 80 நாள் வருகை என்பது இலங்கையின் உயர்கல்வி நிறுவனங்களிற் பரவலாக வழங்கும் நிபந்தனை. வருகை வேண்டாம் என்று எவரும் வாதிடவில்லை. பட்டறைப் பயிற்சியை வீட்டிலிருந்து பெறமுடியாது. ஆனால் மாசி மாதத்துக் காலபோக அறுவடையில் ஒரு வாரக் கூலியை இழந்தால் அடுப்பெரியாத வீட்டுப் பிள்ளைக்கும், சொந்த மோட்டார் சைக்கிளில் வருபவனுக்கும் அந்த 80 ஒரே எண்ணாகுமா? கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் இருட்டில் நடக்க வேண்டிய பெண்பிள்ளைக்கு 'நேரம் தவறாமை' என்பது குணம் மாத்திரமா, போக்குவரத்துச் சபையின் அட்டவணையும் அன்றோ? விதி சமமாக இருக்கிறது. விதியைக் கைக்கொள்ளும் வசதி சமமாக இல்லை. இந்த வேற்றுமையைக் காணாத சமத்துவம் உள்ளவனுக்குச் சாதகமான சமத்துவமே.

அடுத்தது 'தொழிலுக்குத் தகுதியுடையோரை உருவாக்குதல்' என்னும் பணிக்கூற்றுத் தொடர். தகுதி மாணவனிடம் இருக்க வேண்டும், சரி. தொழில் எங்கே இருக்க வேண்டும்? இங்கே ஒரு வரலாற்று ஒப்பீடு பயன்படும். ஜேர்மனியின் உதவியோடு இலங்கையில் எழுந்த முதலாவது பெரிய தொழிற்பயிற்சி நிறுவனம் கிளிநொச்சியினதன்று. 1958 ஜனவரியில் பேருந்துச் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அதன் பேருந்துகளைப் பழுதுபார்க்கப் பயின்ற கைகள் வேண்டியிருந்தன. அதன் விளைவாக 1959இல், சபையின் வெரஹெரப் பட்டறையோடு இணைந்து, பின்னாளில் மொறட்டுவையிற் பெயர்பெற்ற இலங்கை ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவனம் தோன்றியது. அங்கே முதலிற் பிறந்தது தேவை, தேவையிலிருந்து தொழில், தொழிலிலிருந்து கல்வி. பயின்றவனுக்காகப் பொதுவுடைமையான ஒரு பட்டறை காத்திருந்தது.

அக்காலத்து வன்னியிலும் அத்தகைய அடித்தளம் இல்லாமலில்லை. 1950களிற் பரந்தனில் அரசின் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. ஆனையிறவு உப்பளத்தின் உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் அங்கே உற்பத்தியாயின. உப்பு விளையும் களத்துக்குப் பக்கத்திலேயே அதனை மூலப்பொருளாக்கும் ஆலை, ஆலைக்குப் பக்கத்திலேயே தொழிலாளர் குடியிருப்பு என்ற இயல்பான சங்கிலி அது. 1980களின் போர்ச் சூழலில் ஆலை நின்றது. 1990இல் உப்பளமும் நின்றது. போருக்குப் பின்னர் ஆனையிறவில் மீண்டும் உப்பு விளைகிறது. ஆயினும் போர் அறுத்த சங்கிலியை மீட்டுப் பொருத்தும் பொறுப்பு எந்தப் பணிக்கூற்றில் எழுதப்பட்டுள்ளது? சமாதானத்தின் பரிசாக வன்னிக்கு முதலில் வந்தவை ஆடைத் தொழிற்சாலைகளும் கடன் கொடுக்கும் நிதிநிறுவனங்களும்தான். மோட்டார்ப் பொறி பயின்ற இளைஞன் கொழும்புக்குப் போகிறான். அல்லது கடல்கடந்து வளைகுடாவுக்குப் போகிறான். அவன் போவது அவன் உரிமை. ஆனால் ஊரை எழுப்பவென்று அமைந்த கல்லூரி ஊரைக் காலியாக்கும் வாயிலாகுமானால் குற்றம் மாணவனின் 'தகுதி'யிலா இருக்கிறது?

ஜேர்மன் முறை என்று நாம் போற்றுவதையும் முழுமையாக நோக்க வேண்டும். 1969ஆம் ஆண்டு ஜேர்மனி இயற்றி, 2005இற் புதுக்கிய தொழிற்பயிற்சிச் சட்டத்தில், பயிலுநனின் கடமைகள் எழுதப்பட்டிருப்பது உண்மை. அவற்றை அடுத்தே பயிற்சி கொடுக்கும் நிறுவனத்தின் கடமைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும். கருவிகளை இலவசமாகத் தரவேண்டும். பாடசாலைக்குச் செல்ல நேரம் விடவேண்டும். உரிய ஊதியம் கொடுக்க வேண்டும். பயிற்சிக்குப் புறம்பான வேலைகளை ஏவக்கூடாது. தேர்வுக் குழுவில் முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமர்கிறார்கள். இவை தாமாக விளைந்தவையல்ல. தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றவை. பொறிகளையும் பாடத்திட்டத்தையும் கப்பலில் ஏற்றி அனுப்பலாம். தொழிற்சங்கத்தை அவ்வாறு அனுப்பமுடியாது. அதனை இம்மண்ணிலேயே விளைவிக்க வேண்டும். 1971இலேயே தேசிய தொழிற்பயிலுநர் சட்டத்தை இயற்றிய நாடு நம்முடையது; ஆகவே இது நமக்குப் புறம்பான எண்ணமும் அன்று.

கல்வியின் ஏணி மேலே போகவும் வேண்டும். தேசிய தொழிற்றகைமை 7 மட்டங்களை உடையது. ஏழாவது மட்டம் பட்டத்துக்கு ஒப்பானது. அதற்கென்று 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம் ரத்மலானையில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கு மேல். ஏணி உண்டு, மேற்படிதான் வேறு ஊரில் இருக்கிறது. படிகளை அருகே கொண்டுவருவது ஆகாத காரியமன்று என்பதற்கு வன்னியே சான்று. 1991இல் வவுனியாவில் தொடங்கிய இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. அறிவியல் நகரிற் பொறியியற் பீடமும் தொழிற்பயிற்சி நிறுவனமும் ஒரே ஊர்க்காற்றை உயிர்க்கின்றன. பட்டறையிற் சிறந்தவன் பீடத்துக்குள் நுழையும் வழியை அங்கேயே திறந்தால், இரண்டாம் வாயில் என்ற இழிவும் மறையும். பீடத்தின் மாணவர்க்கும் உழைப்பின் கல்வி கிட்டும்.

ஆகவே நாம் கேட்பது ஒன்றே. கைந்நூலின் ஒவ்வொரு தாளையும் இரு நிரலாக அச்சிடுங்கள். 'மாணவர் 80 விழுக்காடு வருகை தரவேண்டும்' என்பதற்கு எதிரே, 'நிறுவனம் விடுதியும் போக்குவரத்தும் உதவிப்பணமும் ஏற்பாடு செய்யவேண்டும்' என்று எழுதுங்கள். 'கருவிகளைப் பேணவேண்டும்' என்பதற்கு எதிரே, 'காயமுற்றால் ஈடு வழங்கவேண்டும்' என்று எழுதுங்கள். 'தொழிலுக்குத் தகுதி பெறவேண்டும்' என்பதற்கு எதிரே, 'அரசு இம்மாவட்டத்தில் தொழிலை உண்டாக்க வேண்டும்' என்று எழுதுங்கள். அவ்விரண்டாம் நிரலை வரையும் குழுவில் மாணவரும் தொழிலாளரும் கமக்காரரும் இருக்கட்டும். தன்சானியாவின் ஜூலியஸ் நைரேரே 1967இல் தம் கல்விக் கொள்கையை வகுத்தபோது, பாடசாலைப் பண்ணையில் உழைக்கும் மாணவர் அப்பண்ணை பற்றிய முடிவுகளிலும் பங்குகொள்ள வேண்டும் என்றார். உழைப்பு மட்டும் மாணவனுடையது, முடிவு மட்டும் மேலிடத்தினுடையது என்றால் அது கல்வியாகாது. கூலியில்லா வேலையே ஆகும்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. விதிகளை வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்குபவர் நீங்கள். அடுத்த முறை அவ்வேட்டை வகுப்பில் விரிக்கும்போது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் எது, இதனால் பயன் பெறுபவர் யார் என்று மாணவரிடம் கேளுங்கள். அன்றைய பாடத்துக்கு அவ்வினாவே போதும். அதற்கு விடை தேடப் பழகிய மாணவன் இரண்டாம் நிரலைத் தானே எழுதத் தொடங்குவான்.