'இறக்கும் இளவரசி': ஓர் ஓவியத் தலைப்பும் அதன் மொழிபெயர்ப்பும்

ஓவியத்திற்கு இடப்படும் தலைப்பு அதற்கு எழுதப்படும் முதல் உரையாகும். உரை பிழைபடின் காட்சியும் பிழைபடும். அஜந்தாவின் 16ஆம் குகையிலுள்ள 'இறக்கும் இளவரசி' இதற்குத் தக்க சான்று.

வாகாடக மன்னன் ஹரிசேனனின் அமைச்சன் வராகதேவன், கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்த பௌத்த விகாரம் இக்குகை. ஓவியத்தில் ஒரு பெண் தலை சாய்ந்து, இமை தாழ்ந்து, உடல் தளர்ந்து அமர்ந்திருக்கிறாள். தோழி ஒருத்தி பின்னிருந்து தாங்குகிறாள். 1872இல் தொடங்கிய படியெடுப்புப் பணியை நடத்திய ஜான் கிரிஃபித்ஸ் இதனைச் சாவின் காட்சியாகக் கண்டு வியந்து எழுதினார். அவர் வழியாகவே ஆங்கிலத் தலைப்பு நிலைபெற்றது.

பிற்கால ஆய்வாளர் பலர் இப்பெண்ணைப் புத்தரின் தம்பி நந்தனின் மனைவி சுந்தரி என இனங்காண்கின்றனர். நந்தன் துறவு பூண்டான். அவன் நீத்த முடியை ஏந்திய ஏவலன் உருவமும் சுவரில் உண்டு. அசுவகோசரின் சௌந்தரநந்தம் சுந்தரியின் புலம்பலுக்கு ஒரு சருக்கத்தையே ஒதுக்குகிறது. அக்காவியம் அச்சேறியது 1910இல். கிரிஃபித்ஸின் நூலோ 1896-97இலேயே வெளிவந்துவிட்டது.

தமிழில் இத்தலைப்பு மூலக்காட்சியை விட்டு மேலும் விலகுகிறது. 'இறக்கும்' என்னும் பெயரெச்சம் நிகழ்வதை மட்டுமன்றி நிகழவிருப்பதையும் குறிக்கும். எனவே அவள் சாவு உறுதியாகிவிடுகிறது. 'இளவரசி' என்பது பெரும்பான்மையும் அரசன் மகளைச் சுட்டும். அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லோ இளவரசன் மனைவிக்கும் வழங்கும். ஆகவே கணவன் என்னும் உறவு தமிழ்ச் சொல்லில் மறைகிறது. கணவன் மறையவே, ஏவலன் கையிலுள்ள முடியும் பொருளற்றுப் போகிறது.

இழப்பு சொல்லளவில் நிற்பதன்று. மனைவியின் இசைவின்றி நிகழ்ந்த துறவு அவளுக்கு விளைத்த துயரை, துறவியர் உறைந்த விகாரத்தின் சுவரிலேயே ஓவியர் தீட்டினர். தலைப்பு அதனைக் காரணமற்ற ஒரு சாவாகக் குறுக்கிவிடுகிறது. முதற்குகைப் பெண்ணொருத்தியைக் 'கறுப்பு இளவரசி' என நிறத்தால் மட்டும் அறிமுகப்படுத்தும் வழக்கும் இவ்வகையினதே.

நிலைபெற்ற தலைப்பை முற்றிலும் நீக்கினால் வாசகர் ஓவியத்தை அடையாளங்காண இடர்ப்படுவர் என்பது உண்மை. அதனால் 'துறவுச் செய்தி கேட்ட சுந்தரி' எனத் தலைப்பிட்டு, பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் தருவது பொருந்தும். மொழிபெயர்ப்பாளர் பெயர்க்க வேண்டியது ஆங்கிலத் தலைப்பையன்று, சுவரிலுள்ள காட்சியையே.