பள்ளி மேடையில் சீசரின் கொலை: கத்தியும் மேலாடையும்

ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைப் பள்ளி மேடையேற்றும்போது, மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சியிலுள்ள கொலை பெரும்பாலும் கத்தியைப் பற்றிய சிக்கலாகவே அணுகப்படுகிறது. அலகு உள்வாங்கும் விற்சுருள் கத்தியே நம்பகத்தன்மை தரும் என்பது பிழையான கருத்து. சுருள் சிக்கிக்கொண்டால் அது மெய்க்கத்தி போலவே காயப்படுத்தும். பனுவலோ வேறு வழி காட்டுகிறது. காஸ்கா முதலிலும் புரூட்டஸ் இறுதியிலும் குத்துகின்றனர். சதிகாரர் சீசரைச் சூழ்ந்து நிற்பதால் கத்திமுனை அவையோர்க்குப் புலப்பட வேண்டியதில்லை. மழுங்கிய மரக்கத்தி உடலைத் தொடாது அப்பால் சென்றாலும், ஓங்கிய கையும் குத்துண்டவனின் துடிப்பும் ஒரே கணத்தில் இணைந்தால் அவை நம்பும். குருதியும் பின்னரே வேண்டப்படுகிறது. கொன்றோர் குனிந்து கை நனைக்கையில், ஆடைக்குள் மறைத்த செஞ்சாயம் அதற்குப் போதும்.

அடுத்த காட்சியில் ஆண்டனி சீசரின் மேலாடையைக் காட்டி, இன்ன கிழிசல் இன்னாருடையது எனச் சுட்டுகிறான். ஆனால் கொலைக்கு முன்பே டிரெபோனியஸ் அவனை அப்பால் அழைத்துச் சென்றுவிட்டான்; அவன் எதையும் கண்டவன் அல்லன். ஆயினும் கூட்டம் நம்புகிறது. குத்தை மெய்யாக்குவது கத்தியன்று, பின்வரும் சொல்லே என நாடகமே உணர்த்துகிறது. எனவே இக்காட்சியின் முதன்மை அரங்கப்பொருள் முன்னரே கிழித்து வைத்த மேலாடையே. மாணவரின் பாதுகாப்பும் கலைநேர்த்தியும் இங்கு முரண்படுவதில்லை.