எழுத்துக்கூட்டும் சிறாரும் ஆய்வு அளவைகளும்

அப்பரடிகள் கல்விச் சிறப்பால் போற்றிய காஞ்சியில், படிக்க இடர்ப்படும் சிறாரைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். கோர்வைப் பட்டுத் தறியில் நெய்வார்க்குத் துணையாக ஒருபுறம் அமர்ந்து கரைநாடாவை எறிய ஓராள் வேண்டும். அவ்விடத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் சிறுவரே. இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021-இல் முதற்கண் தொடங்கப்பெற்ற பன்னிரண்டு மாவட்டங்களுள் காஞ்சிபுரமும் ஒன்றானமை பொருத்தமே.

தன்னார்வலர் நடத்திய இம்மாலை வகுப்புகள் பயன் தந்தனவா? அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழக ஊரகச் சிறார் ஏறத்தாழ 19,000 பேரை ஆய்ந்தனர். 2019-ஆம் ஆண்டில் அதே அகவையினர் பெற்றிருந்த நிலையை நோக்க, 2021 டிசம்பரில் கணக்கில் 0.73, மொழியில் 0.34 திட்டவிலக்கம் குறைவு காணப்பட்டது. பள்ளி திறந்த ஆறு திங்களில் இக்குறையின் மூன்றில் இரு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என்பர். ஆகவே, திட்டமே எல்லாம் செய்தது என்பார் கூற்றும், அது வெற்று ஆரவாரம் என்பார் கூற்றும் ஒருங்கே வீழ்கின்றன. நலிந்த குடிச் சிறார் விரைந்து மீண்டனர் என்னும் முடிபை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

எனினும் எமக்கு இரு தடைகள் உள. ஆய்வு ஊரகத்தோடு நின்றது. பட்டுத்தறித் தெருக்களுக்கு அதன் முடிபை அப்படியே ஏற்றுதல் கூடாது. மற்றொன்று பெரிது. 'மொழி' என்னும் ஒற்றை எண், இடர்ப்பாடு யாண்டுள்ளது என உணர்த்துவதில்லை. 'கொடி' என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க, ஒலியோ ஒன்றே. பகல், பக்கம், பங்கு மூன்றிலும் ககரம் ஒன்று, ஒலி வேறு. வீட்டில் 'வந்துட்டாங்க' எனக் கேட்ட குழந்தை பாடநூலில் 'வந்துவிட்டார்கள்' எனக் காண்கிறது. தெலுங்கு பேசும் நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கோ அதுவும் புதிது. இவையெல்லாம் எழுத்திலக்கணமும் பேச்சுமொழியும் பயின்றார் ஆய வேண்டியவை. பொருளியலார் முன்வந்து செய்த பணியை, தொல்காப்பிய எழுத்ததிகாரம் கற்பிக்கும் யாம் ஏறிட்டும் பார்த்திலோம் என்பதை நாணத்தோடு ஒப்புகின்றோம்.

ஒகர உயிர்மெய்யில் தடுமாறுபவனும், சொற்பொருள் அறியாது பிழையின்றி ஒலிப்பவளும் அளவையில் ஒரே எண்ணைப் பெறக்கூடும். மாலை வகுப்பில் இருவர்க்கும் ஒரே பாடம் நடந்தால், அவ்விருவருள் எவர்க்குப் பயன் விளைந்தது என்பதை 24 விழுக்காடு என்னும் கணக்கு சொல்லாது.